நடந்ததற்குப் படம் இல்லையென்றால்?

1984 ஜூன் 18. இங்கிலாந்தின் தெற்கு யார்க்‌ஷயரில் ஆர்கிரீவ் என்ற இடத்தில், நிலக்கரியைச் சுட்டுக் கோக் என்ற எரிபொருள் தயாரிக்கும் ஆலைக்கு முன்னால், வேலைநிறுத்தத்தில் இருந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மறியலுக்குக் கூடினார்கள். எதிரே போலீஸும் ஆயிரக்கணக்கில் நின்றது. குதிரைப் போலீஸ் பாய்ந்தது, தடியடி நடந்தது, கல் பறந்தது, வயல்வெளியில் ஆட்கள் சிதறி ஓடினார்கள். அன்று மாலை பிபிசி செய்தியில் தொழிலாளர்கள் முதலில் கல்லெறிகிறார்கள், குதிரைகள் பிறகு வருகின்றன. களத்தில் இருந்தவர்கள் சொன்னது நேர் எதிர். குதிரைகள் பாய்ந்த பிறகுதான் கல் பறந்தது என்றார்கள். காட்சிகளின் வரிசை மாறிப்போனதைப் பல ஆண்டுகள் கழித்து பிபிசி ஒப்புக்கொண்டது, கவனக்குறைவால் நேர்ந்தது என்றது. கைதானவர்களில் 95 பேர் மீது போடப்பட்ட வழக்கு 1985-இல் நீதிமன்றத்தில் நிற்காமல் சரிந்தது. ஆனால் நாடு பார்த்தது மாலைச் செய்தியைத்தானே, தீர்ப்பை இல்லையே.

அந்தச் செய்தியில் ஒரு ஷாட்கூடப் பொய் கிடையாது என்பதைக் கவனியுங்கள். எல்லாம் உண்மையில் நடந்தவை. வரிசை மட்டும்தான் மாறியிருந்தது. எடிட்டிங் மேசையில் இரண்டு துண்டுகள் இடம் மாறியதில், அடிபட்டவன் அடித்தவன் ஆகிவிட்டான்.

கலைஞர்கள் சினிமாவைக் கொண்டு சமூக நினைவையும் அநீதியையும் ஆராய்கிறார்கள் என்று கண்காட்சிக் குறிப்புகளிலும் திரைப்பட விழா மலர்களிலும் அடிக்கடி படித்திருப்பீர்கள். கேட்க கனமாக இருக்கும், விஷயம் அவ்வளவு சிக்கலானதில்லை. ஒரு ஊரோ, ஒரு தொழில் செய்கிறவர்களோ, ஒரு இனமோ தங்களுக்கு நேர்ந்ததைத் தங்களுக்குள் பேசிப் பேசிப் பாதுகாத்து வைத்திருப்பதைச் சமூக நினைவு என்கிறோம். பாடப்புத்தகத்திலோ அரசாங்கக் கோப்பிலோ அது இருக்காது. இருந்தாலும் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். கொடுமை நடந்த நேரத்தில் கேமரா பெரும்பாலும் கொடுமை செய்தவர்கள் கையில் இருந்தது, அல்லது யார் கையிலும் இல்லை. பத்து வருடமோ நாற்பது வருடமோ கழித்து ஒரு கலைஞர் வந்து, இல்லாத காட்சிக்கு என்ன செய்வது என்று யோசிக்கிறார். அந்த யோசனையில் பிறப்பவைதான் இந்தப் படங்கள். விசித்திரமான வடிவங்களில் அவை இருப்பதற்குக் காரணம் கலைஞர்களின் கிறுக்கு இல்லை (கொஞ்சம் அதுவும் உண்டுதான்). யாரிடம் படம் இருக்கிறது, இன்று யாரிடம் அதிகாரம் இருக்கிறது என்ற இரண்டும்தான் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன.

ஆர்கிரீவுக்கே வருவோம். அங்கே படம் இருந்தது, ஆனால் அது தப்பான கதையைச் சொன்னது. கலைஞர் ஜெரமி டெல்லர் 2001 ஜூன் 17 அன்று, அந்த மோதலை அது நடந்த இடத்தின் அருகிலேயே மறுபடி நடத்திக் காட்டினார். ஏறக்குறைய ஆயிரம் பேர் கலந்துகொண்டார்கள். அதில் 800 பேர் பழைய போர்களை வேடமிட்டு நடித்துக் காட்டும் சங்கங்களின் உறுப்பினர்கள். மீதி 200 பேர் முன்னாள் சுரங்கத் தொழிலாளர்கள். அவர்களில் சிலர் போலீஸ் வேடம் போட்டார்கள்! இயக்குநர் மைக் ஃபிகிஸ் இதைப் படமாக்க, பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பியது. வாள் சண்டையும் ராஜா காலத்துப் போரும் நடித்துப் பழகியவர்களை இதற்குக் கூப்பிட்டதில் ஒரு தந்திரம் இருக்கிறது. வேலைநிறுத்தத்தை ஒரு தகராறு என்று ஒதுக்கிவைத்திருந்த நாட்டுக்கு, இதுவும் உங்கள் வரலாற்றில் ஒரு போர்தான் என்று அது சொல்லாமல் சொல்கிறது. தன் மேல் தடியடி நடந்த அதே ஊரில், பதினேழு வருடம் கழித்து ஒருவர் மறுபடி ஓடுகிறார். இப்போது சுற்றி நிற்கும் கேமரா அவர் சொல்வதைக் கேட்க வந்த கேமரா.

இப்படி நடந்ததை மறுபடி நடித்துக் காட்டுவதை மறுநிகழ்த்தல் என்கிறார்கள். தொலைக்காட்சிக் குற்றத் தொடர்களில் மங்கலான வெளிச்சத்தில் நடிகர்கள் செய்வதும் மறுநிகழ்த்தல்தான், ஆனால் அது வேறு ஜாதி. அங்கே நடிப்பவருக்கும் சம்பவத்துக்கும் ஒட்டுறவு கிடையாது. இங்கே அனுபவித்த உடம்பே திரும்பி வருகிறது. அது எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துகொள்ள கம்போடியாவுக்குப் போக வேண்டும்.

கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் 1975 ஏப்ரல் 17 அன்று தலைநகர் ப்னோம் பென்னைப் பிடித்தது. நகரத்து மக்கள் மொத்தப் பேரையும் வீட்டைவிட்டுக் கிளப்பி வயல்களுக்கும் அணைக்கட்டு வேலைகளுக்கும் ஓட்டியது. 1979 ஜனவரி 7 அன்று ஆட்சி விழுவதற்குள் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் செத்தவர்கள் 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை இருப்பார்கள் என்பது பரவலான மதிப்பீடு. பின்னாளில் இயக்குநரான ரிதி பான் 1975-இல் பதினொரு வயதுப் பையன். பெற்றோரையும் நெருங்கிய உறவுகளையும் அந்த நான்கு வருடத்தில் பறிகொடுத்துவிட்டு, 1979-இல் தாய்லாந்து அகதி முகாமுக்குத் தப்பி, அங்கிருந்து பிரான்ஸ் போய் சினிமா படித்தார். அன்றிலிருந்து அவர் எடுத்த படங்களில் முக்கால்வாசி இதே நான்கு வருடத்தைப் பற்றியவை.

ப்னோம் பென்னில் துவோல் ஸ்லெங் என்ற இடத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளி இருந்தது. கெமர் ரூஜ் அதை எஸ்-21 என்ற ரகசியச் சிறையாக்கியது. வகுப்பறைகளில் கைதிகளை வரிசையாகப் படுக்கவைத்துக் காலில் விலங்கு பூட்டினார்கள். 12,000 பேருக்கு மேல் அதற்குள் போனார்கள். பிழைத்து வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வான் நாத் என்ற ஓவியர், கெமர் ரூஜ் தலைவர் போல் பாட்டின் உருவப்படங்களை வரையத் தேவைப்பட்டதால் தப்பினார். சும் மெய் என்ற மெக்கானிக் இயந்திரம் ரிப்பேர் பார்க்கத் தெரிந்ததால் தப்பினார். ரிதி பான் இந்த இருவரையும், அதே சிறையில் காவலர்களாகவும் விசாரணைக்காரர்களாகவும் இருந்தவர்களையும், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் அதே கட்டடத்துக்கு அழைத்து வந்தார். 2003-இல் வெளியான படத்துக்குப் பெயரே ‘எஸ்-21’தான்.

அதில் ஒரு காட்சி. சின்னப் பையனாக இருந்தபோது அங்கே காவலராக இருந்தவர், இப்போது வளர்ந்த ஆள், காலியான ஒரு வகுப்பறைக்கு முன்னால் நிற்கிறார். வாயால் சொல்லச் சொன்னால் அவருக்குத் தட்டுத் தடுமாறித்தான் வருகிறது. அன்றைக்கு என்ன செய்தாய், செய்து காட்டு என்றதும் உடம்பு தானாக இயங்க ஆரம்பிக்கிறது. இல்லாத பூட்டைத் திறக்கிறார். இல்லாத கைதியைப் பார்த்து, உட்கார், அசையாதே என்று கத்துகிறார். விலங்கை இழுத்துப் பார்க்கிறார். சிறுநீர் கழிக்க டப்பாவை எடுத்துவந்து கொடுக்கிறார், அடுத்தவனுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறார், கதவைச் சாத்துகிறார், அடுத்த அறைக்குப் போகிறார். குரல் மாறிவிடுகிறது, நடை மாறிவிடுகிறது. கேமரா வாசலிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே போனால் தரையில் கிடக்கும் கைதிகளை மிதித்தது மாதிரி ஆகும் என்று ரிதி பான் பின்னால் விளக்கினார். அறை காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்க்கிற நமக்கும் அங்கே யாரோ படுத்திருப்பதாகத் தோன்றிவிடுகிறது. ஒரு சொட்டு ரத்தம் காட்டாமல், பின்னணி இசையும் இல்லாமல், ஒரு சித்திரவதைக்கூடத்தின் அன்றாட வேலை எப்படி நடந்தது என்று இதைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்த்ததில்லை.

இன்னொரு காட்சியில் வான் நாத், தான் வரைந்த ஓவியத்தின் முன் பழைய காவலர்களை நிறுத்திக் கேள்வி கேட்கிறார். நாங்களும் பாதிக்கப்பட்டவர்கள்தான், உத்தரவை மீறினால் எங்களைக் கொன்றிருப்பார்கள் என்கிறார்கள் அவர்கள். நீங்கள் பாதிக்கப்பட்டவர்கள் என்றால், இங்கே கிடந்தவர்கள் யார் என்று அவர் திருப்பிக் கேட்கிறார். குரலை உயர்த்துவதே இல்லை. கெமர் ரூஜ் குற்றங்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் அப்போது இன்னும் தொடங்கியிருக்கவில்லை. அந்தச் சிறையை நடத்திய டோய்க் 2010-இல்தான் தண்டிக்கப்பட்டார். அதாவது நீதிமன்றம் கேட்பதற்குப் பல வருடம் முன்பே ஒரு படம் அந்தக் கேள்விகளைக் கேட்டு முடித்துவிட்டது.

பத்து வருடம் கழித்து அதே இயக்குநர் இதற்கு நேர் எதிரான ஒரு வழியைப் பிடித்தார். ‘தி மிஸ்ஸிங் பிக்சர்’ 2013-இல் கான் திரைப்பட விழாவில் ‘அன் செர்ட்டன் ரிகார்ட்’ பிரிவின் முதல் பரிசை வென்றது. இந்த முறை கதை அவருடைய சொந்தக் குடும்பம். அதற்குப் படமே இல்லை. கெமர் ரூஜ் எடுத்து வைத்திருந்தவை பிரச்சாரப் படங்கள். அவற்றில் மக்கள் எறும்பு வரிசை மாதிரி மண் கூடை சுமந்துகொண்டு நடக்கிறார்கள், தலைவர்கள் கை தட்டுகிறார்கள். யாரும் பசியால் விழுவதில்லை. அவர் களிமண்ணில் நூற்றுக்கணக்கான சின்னப் பொம்மைகளைச் செய்யவைத்து, வர்ணம் பூசி, குடிசையும் வயலும் மருத்துவமனையும் கட்டி அதில் நிறுத்தினார்.

பொம்மைகள் கார்ட்டூன் மாதிரி அசையும் என்று நினைத்துவிடாதீர்கள். அசையவே அசையாது. நின்றது நின்றபடி, கிடந்தது கிடந்தபடி இருக்கும். கேமராதான் அவற்றைச் சுற்றி நகரும், ஒரு குரல் பேசும். மாட்டுக்குப் போடுவதைத் தின்ன மாட்டேன் என்று சாப்பாட்டை நிறுத்திச் செத்துப்போன அவருடைய அப்பா, வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு களிமண் பொம்மையாக நிற்கிறார். சில இடங்களில் இந்த வர்ணப் பொம்மைகளைக் கறுப்பு வெள்ளைப் பிரச்சாரப் படத்தின் மேலேயே ஒட்டிவிடுகிறார். அரசாங்கம் எடுத்த படத்துக்குள் அரசாங்கம் காட்டாத ஆட்கள் வந்து நின்றுகொள்கிறார்கள். படம் அழிந்ததாலோ எடுக்கப்படாததாலோ நடந்தது நடக்காமல் போய்விடாது என்பதை வாதம் செய்து நிறுவுவதைவிட இது ஒரே ஷாட்டில் நிறுவிவிடுகிறது.

நடிகர்களை வைத்தே எடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். எடுத்திருக்கலாம். ஆனால் பட்டினியில் செத்த ஒரு பையனாக, மதியம் கேட்டரிங் சாப்பாடு சாப்பிட்ட இன்னொரு பையன் நடிக்க வேண்டியிருக்கும். பொம்மைக்கு அந்தப் பொய் கிடையாது. நான் பொம்மைதான் என்று அது ஒளிக்காமல் சொல்லிவிடுவதால், மிச்சத்தை நாம் நம்பிவிடுகிறோம்.

சரி, படம் எடுத்தும் அதைச் சொந்த நாடு பார்க்க முடியாவிட்டால்? சிலியில் அதுதான் நடந்தது. 1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் ஜனாதிபதி சல்வடோர் அயெந்தேயின் அரசைக் கவிழ்த்தது. அதற்கு முந்தைய மாதங்களில் ஊர்வலங்களையும் தொழிற்சாலைக் கூட்டங்களையும் பத்ரிசியோ குஸ்மான் தன் சிறிய குழுவோடு படம் பிடித்துக்கொண்டிருந்தார். கவிழ்ப்புக்குப் பிறகு அவரைத் தேசிய விளையாட்டரங்கத்தில் அடைத்துவைத்தார்கள். படச்சுருள்கள் ஸ்வீடன் தூதரகம் வழியாக நாட்டைவிட்டு வெளியேறின. கியூபாவில் எடிட் ஆகி, 1975-க்கும் 1979-க்கும் இடையே ‘சிலியின் போர்’ என்று மூன்று பாகமாக வந்தன. அதன் ஒளிப்பதிவாளர் ஹோர்ஹே முல்லரை 1974-இல் ரகசியப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. திரும்பி வரவில்லை. உலகம் பார்த்த அந்தப் படம் சிலியின் தொலைக்காட்சியில் வருவதற்கு 2021 ஆகிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் குஸ்மான் அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போனார். மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் முகத்தைப் படம் பிடித்தார். அதுதான் 1997-இல் வந்த ‘சிலி, பிடிவாதமான நினைவு’. ராணுவம் வந்ததே நல்லது என்று பேசும் மாணவர்களும் அதில் இருக்கிறார்கள். படம் முடிந்ததும் பேச்சு வராமல் தேம்பித் தேம்பி அழுகிறவர்களும் இருக்கிறார்கள். தங்கள் அப்பா அம்மா காலத்தில் தெருவில் என்ன நடந்தது என்பதே பலருக்கு அன்றுதான் தெரிகிறது. இன்னொரு இடத்தில் ஒரு இளைஞர் இசைக்குழு, அயெந்தே கூட்டணியின் பழைய பாட்டைத் தலைநகர வீதியில் வாசித்துக்கொண்டே போகிறது. கேமரா குழுவைவிட்டு வழிப்போக்கர்களைப் பார்க்கிறது. சிலர் திகைத்து நிற்கிறார்கள், சிலர் புன்னகைக்கிறார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அயெந்தேயின் மெய்க்காவலர்களாக இருந்தவர்கள், வயதான பிறகு, ஒரு காரின் பக்கவாட்டில் கைவைத்தபடி அன்று நடந்தது போலவே நடந்து காட்டுவதும் உண்டு. எஸ்-21 காவலர் செய்தது போலத்தான், ஆனால் வேறு பக்கத்திலிருந்து. வாய் மறந்தாலும் கைகால் மறப்பதில்லை.

இதே குஸ்மான் 2010-இல் எடுத்த ‘ஒளிக்கான ஏக்கம்’ அட்டகாமா பாலைவனத்தில் நடக்கிறது. காற்றில் ஈரமே இல்லாத அந்த இடத்தில் உலகத்தின் பெரிய தொலைநோக்கிகள் இருக்கின்றன. அதே மண்ணில் கலாமா ஊர்ப் பெண்கள், ராணுவம் கொன்று புதைத்த கணவரையும் அண்ணன் தம்பியையும் சிறு மண்வாரி கொண்டு தேடிக்கொண்டிருக்கிறார்கள். புதைத்ததைப் பின்னால் இயந்திரத்தால் தோண்டி வேறெங்கோ கொட்டிவிட்டதால், கிடைப்பதெல்லாம் எலும்புச் சில்லுகள். ஒரு பெண் தன் தம்பியின் பாதம் காலணியோடும் காலுறையோடும் கிடைத்ததைச் சொல்கிறார். அதே படத்தில் மிகேல் லாவ்னர் என்ற கட்டடக் கலைஞர் வருகிறார். கைதி முகாம்களில் இருந்தபோது காலடியால் எண்ணி எண்ணிக் கட்டடங்களை அளந்திருக்கிறார். ராத்திரி வரைந்து பார்த்துவிட்டு, விடிவதற்குள் கிழித்துக் கழிவறையில் போட்டுவிடுவாராம். அளவு மனதில் தங்கிவிட்டது. நாடு கடத்தப்பட்டு டென்மார்க் போனதும் எல்லா முகாம்களையும் துல்லியமாக வரைந்து வெளியிட்டார். படத்தில் அவர் அறைக்குள் நடந்து அளந்து காட்டுகிறார். பக்கத்தில் அவர் மனைவி, மறதி நோயில்.

ரிதி பானின் இந்தப் படங்களும் குஸ்மானின் பிந்தைய இரண்டு படங்களும் வந்தபோது கொன்றவர்களின் ஆட்சி முடிந்திருந்தது. இந்தோனேசியாவில் அப்படி இல்லை. 1965-66-இல் கம்யூனிஸ்டுகள் என்று முத்திரை குத்தி ஐந்து லட்சம் பேரையாவது கொன்றவர்கள் அங்கே பெரிய மனிதர்களாக உலா வந்தார்கள். ஜோஷுவா ஓப்பன்ஹைமர் முதலில் தப்பிப் பிழைத்த குடும்பங்களைத்தான் படமெடுத்தார். ராணுவம் மிரட்டியது. கொன்றவர்களைப் போய் எடுங்கள், பெருமையாகச் சொல்வார்கள் என்று அந்தக் குடும்பங்களே யோசனை கொடுத்தன. 2012-இல் வந்த ‘தி ஆக்ட் ஆஃப் கில்லிங்’ படத்தில் மேடான் நகரத்து ரவுடி அன்வர் காங்கோ, ஒரு மொட்டை மாடியில் கம்பியால் எப்படிக் கழுத்தை நெரித்தேன் என்று செய்து காட்டிவிட்டு நடனமாடுகிறார். சினிமா மோகம் பிடித்த ஆள் என்பதால் தன் கொலைகளைக் கௌபாய் படம் மாதிரியும் பாட்டுப் படம் மாதிரியும் நடித்துக் கொடுக்கிறார். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது ‘பெயர் வெளியிட விரும்பாதவர்’ என்பது திரும்பத் திரும்ப வரும். இணை இயக்குநர் ஒருவருக்கே பெயர் கிடையாது. படத்தில் பாதிக்கப்பட்டவர்கள் குரல் ஏன் இல்லை என்று கேட்பவர்கள் அந்தப் பெயர்ப்பட்டியலைப் பார்த்தால் போதும்.

இந்தப் படத்தைப் பற்றி எனக்கு இன்னும் ஒரு நெருடல் உண்டு. கொலைகாரன் சுவாரசியமான பாத்திரம் ஆகிவிடுகிறான், செத்தவர்கள் எண்ணிக்கையாகவே நின்றுவிடுகிறார்கள். 2014-இல் வந்த ‘தி லுக் ஆஃப் சைலன்ஸ்’ அதைச் சரிக்கட்டுகிறது. அதில் அண்ணனைப் பறிகொடுத்த ஒரு கண் பரிசோதகர், கொன்றவர்களுக்குக் கண்ணாடி அளவு பார்த்துக்கொண்டே, அன்று என்ன நடந்தது என்று நிதானமாக விசாரிக்கிறார்.

ஒரு படம் சமூகத்துக்காகப் பேசுகிறதா, சமூகத்தின் மேல் ஏறி நின்று பேசுகிறதா என்ற சண்டை இந்தத் துறையில் ஓயாது. 1985-இல் பர்மிங்காமின் ஹாண்ட்ஸ்வொர்த் பகுதியில் கலவரம் வெடித்தபோது, ‘பிளாக் ஆடியோ ஃபிலிம் கலெக்டிவ்’ என்ற கறுப்பின இளைஞர் குழு ‘ஹாண்ட்ஸ்வொர்த் சாங்ஸ்’ எடுத்தது. இயக்கம் ஜான் அகோம்ஃப்ரா. நேரான விளக்கம் எதுவும் இல்லாமல், கரீபியனிலிருந்து கப்பலில் வந்திறங்கியவர்களின் பழைய செய்திப் படங்களையும் கலவரக் காட்சிகளையும் கவிதை போன்ற குரல்களையும் அடுக்கிய படம் அது. அந்தத் தெருவில் வாழ்கிறவர்களின் கதையைக் கேட்க முடியவில்லை என்று எழுத்தாளர் சல்மான் ருஷ்டி 1987-இல் கார்டியன் நாளிதழில் தாளித்துவிட்டார். புது மொழி ஒன்றைத் தேடுகிறார்கள், அது காதில் விழவில்லையா என்று பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் அதே பத்திரிகையில் பதில் எழுதினார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. என் ஓட்டு ஹாலுக்கு. இரண்டு தலைமுறைக் கோபத்தை இரண்டு நிமிடப் பேட்டிக்குள் அடக்கும் வேலையைத் தொலைக்காட்சி ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது.

புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்கள் ‘தி மிஸ்ஸிங் பிக்சர்’ படத்திலிருந்து தொடங்கலாம். ஒன்றரை மணி நேரம்தான், கம்போடிய வரலாறு முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அப்புறம் ‘ஒளிக்கான ஏக்கம்’. ‘எஸ்-21’ மூன்றாவதாக வரட்டும், அதற்குக் கொஞ்சம் மனத்தெம்பு வேண்டும். பார்க்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்: இந்தக் காட்சியை முதலில் எடுத்தது யார், கேமரா எந்த இடத்தில் உள்ளே போகாமல் நின்றுவிடுகிறது. ப்னோம் பென் பக்கம் போகிற வாய்ப்பு கிடைத்தால், ரிதி பான் 2006-இல் தொடங்கிய போபானா காப்பகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். எஸ்-21-இல் கொல்லப்பட்ட ஒரு இளம்பெண்ணின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். கம்போடியாவைப் பற்றி உலகத்தின் பல மூலைகளில் சிதறிக் கிடந்த படங்களையும் ஒலிப்பதிவுகளையும் சேகரித்து வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் உட்கார்ந்து பார்க்கலாம்.